இரண்டு சாண் மிச்சம்

தடுப்புப் பலகை நாலு விரல்கடை நகர்ந்திருந்தது.

வேறு யார் கண்ணுக்கும் அது பட்டிருக்காது. சுத்தியலக்காவுக்குப் பலகைதான் பிழைப்பு. அந்த முகாமில் மரம் என்று எது இருந்தாலும் அவள் கை பட்டதுதான். தன் கையால் செருகிய பலகை தன்னைக் கேட்காமல் இடம் மாறினால், தன் வீட்டுக்குள் வேறொருவர் செருப்பு கிடப்பதைப் பார்த்த மாதிரி இருக்கும் அவளுக்கு.

பிள்ளைகள் கோடை விடுமுறையில் வந்து தங்கும் முகாம் அது. ‘இயற்கையோடு இழைந்த எளிய தங்குமிடம்’ என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் அதைச் சரியாகப் படித்துக்கொள்வார்கள்: கரண்டு கிடையாது, கூரை ஒழுகும், கக்கூசுக்கு நடக்க வேண்டும். குளியல் கொட்டகையில் குழாய்கள் பிள்ளைகள் இடுப்பு உயரத்தில் வரிசையாக இருந்தன. பெரியவர்கள் முகம் கழுவப் போனால் ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி குனிய வேண்டும். கக்கூஸ் என்பது குழிக்கு மேல் நாலு மரக் கூண்டு, ஆளுக்கொரு டின் சாம்பல். சாப்பாட்டுக் கூடத்துக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் உள்ளே பேச்சு நின்றுவிடும், வாய் மட்டும் அசையும். அதைத் தாண்டி மரங்களுக்கு நடுவே ஆறு குடில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பறவை பெயர். இந்த வருஷம் இரண்டு ஒழுகியதால் பூட்டிவிட்டார்கள். மீதி நாலில் பதினாறு பிள்ளைகள்.

குடில்களில் கட்டில் கிடையாது. பின்சுவரோடு ஒட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், முழங்கால் உயரத்தில் ஒரே நீளப் பரண். நாலு பிள்ளைகள் ஒருத்தி கால்மாட்டில் அடுத்தவள் தலை என்று ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் படுக்க வேண்டும். நடுநடுவே தடுப்புப் பலகை. சுவர்ச் சட்டத்தில் நாலு விரல்கடைக்கு ஒரு காடி வெட்டியிருக்கும்; பிள்ளையின் உயரத்துக்குத் தக்கபடி பலகையை எந்தக் காடியில் வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம். முதல் நாள் எல்லாப் பிள்ளைகளையும் குளியல் கொட்டகைத் தூணில் நிறுத்திச் சாக்கட்டியால் கோடு போட்டு அளவெடுப்பது அங்கே வழக்கம். எந்த நாலு பேரைச் சேர்த்தால் பரண் வீணாகாது என்று பார்த்துப் பிரிப்பது சுத்தியலக்காவின் வேலை. அவள் அப்பா துணிக்கடைக்காரர். ஒரு கட்டுத் துணியில் எட்டுச் சட்டை வெட்டச் சொன்னால் ஒன்பது வெட்டிவிட்டு, துண்டு விழுந்ததில் கைக்குட்டை தைக்கிற ஆள். அந்த ரத்தம் எங்கே போகும்?

மரங்கொத்திக் குடிலில் மட்டும் கணக்கு இடித்தது. நாலு சிறுமிகளைப் படுக்கவைத்த பிறகு மூலையில் இரண்டு சாண் மிச்சம். சும்மா விட மனசு வரவில்லை. அங்கேயும் ஒரு தடுப்பைச் செருகி, மெத்தை வெட்டியதில் மீந்த வைக்கோல் துண்டு ஒன்றை உறை தைத்து உள்ளே போட்டுவைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. யாருக்கு என்று அவள் யோசிக்கவில்லை.

அந்தப் பலகைதான் நகர்ந்திருந்தது. மிச்ச இடம் பெருத்து, பக்கத்துப் படுக்கை சிறுத்திருந்தது.

பக்கத்துப் படுக்கை வாலுவுடையது. வாலு அவள் அக்கா மகள், எட்டு வயது. பெயர் வேறு, ஆனால் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் செலவழித்ததில்லை. அக்கா இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். போகும்போது, “இந்தா, குடுத்த மாதிரியே திருப்பிக் குடுக்கணும், ஒரு கீறல் இருக்கக் கூடாது” என்று கடன் கொடுத்த பாத்திரத்துக்குச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள்.

சுத்தியலக்கா பலகையைப் பிடுங்கிப் பழைய காடியில் செருகினாள். அதற்கே இரண்டு கையும் மரச்சுத்தியலும் தேவைப்பட்டது. ஈரக் காற்றில் மரம் ஊதிப்போயிருந்தது. பிள்ளைகள் விளையாட்டாக நகர்த்துகிற காரியம் இல்லை. அதை அப்போதே யோசித்திருக்கலாம்.

மறுநாள் மதியம் போய்ப் பார்த்தாள். பலகை மறுபடியும் நாலு விரல்கடை தள்ளி நின்றது.

வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. பிள்ளைகள் குளத்துப் பக்கம். குடிலுக்குள் பிசின் வாசனை, ஈரத் துண்டுகளின் புழுங்கல், மூலையிலிருந்து அதற்கும் அடியில் இன்னொன்று: வெகுநாள் கிடந்த கல்லைப் புரட்டினால் முதல் விநாடியில் ஒரு வாசனை வருமே, அது. குனிந்து வைக்கோல் துண்டின் மேல் கை வைத்தாள். நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. பள்ளம் சூடாக இருந்தது.

கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு துடைத்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டாள்.

வாலு குளத்திலிருந்து ஓடி வந்தாள். கவுன் கணுக்காலில் தட்டிக்கொண்டிருந்தது.

“யார் கவுனுடி இது?”

“என்னோடதுதான் சித்தி. நீதானே தைச்சே.”

அவள் தைத்ததுதான். முழங்காலுக்கு ஒரு விரல் கீழே நிற்கிற மாதிரி தைத்தது. தையல் பிரியவில்லை, மடிப்பு இறங்கவில்லை. துணிக்கடைக்காரர் மகளுக்கு ஒன்று தெரியும்: நனைந்த துணி சுருங்கும். நீளாது.

“ராத்திரி அந்தப் பலகைய யார் தள்ளுறா?”

“நான் இல்ல. அது காலை நீட்டுது. நான் கொஞ்சம் மடக்கிக்கிறேன்.”

“எது?”

வாலு தோளைக் குலுக்கினாள். “அதுக்கு இடம் பத்தலையாம். பாவம், ரொம்பச் சின்ன இடம் குடுத்துட்டே நீ.”

“நீ ஏன் மடக்கணும்? உன் இடம் அது.”

“நீதானே சொல்லுவே, வந்தவங்களுக்கு இடம் குடுன்னு.”

சொன்னது உண்மைதான். பெரியவர்கள் நல்ல புத்தி சொல்லும்போது யார் யார் காதில் விழுகிறது என்று பார்ப்பதில்லை.

அவளைக் கையைப் பிடித்துக் குளியல் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். தூணில் வாலுவின் கோடு அழியாமல் இருந்தது. நிமிர்ந்து நில்லு என்றாள். நிற்கிறேன் என்றாள் வாலு. குதிகாலை ஒட்டு என்றாள். ஒட்டிட்டேன் என்றாள். உச்சந்தலைக்கும் கோட்டுக்கும் நடுவில் சுத்தியலக்கா விரலை வைத்து அளந்தாள். நாலு. இன்னும் ஒரு நாலு.

பலகை எத்தனை தரம் நகர்ந்ததோ அத்தனை.

குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலக்கா நேரே முகாம் மேனேஜரிடம் போனாள்.

மேனேஜர் கழுத்தில் விசிலும் கையில் தேநீருமாக உட்கார்ந்திருந்தார். முழுக்கக் கேட்டார். கேட்கிற மாதிரி தலையாட்டுவதில் அவருக்கு நல்ல பழக்கம்.

“முதல் நாள் செருப்போட நிக்க வச்சு அளந்திருப்பீங்கம்மா.”

“எட்டு விரல்கடை உசரத்துல செருப்பு எங்க சார் விக்குது? சொல்லுங்க, நானும் ஒண்ணு வாங்கிக்கிறேன்.”

“மழையில தூண் ஊதியிருக்கும்.”

“தூண் ஊதினா தடிக்கும். வளராது.”

“சரி, நான் என்ன பண்ணட்டும்? ரெண்டு குடில் ஒழுகுது. சாப்பாட்டுக் கூடத்துல தண்ணி நிக்குது. சனிக்கிழமை வண்டி வர்ற வரைக்கும் எங்கயும் அனுப்பவும் முடியாது. பலகைதானே பிரச்சினை? உங்க பலகை, நீங்களே பாத்துக்கோங்க.”

பலகைதானே பிரச்சினை. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தப்பு செய்தாள். மிச்சம் இருப்பதால்தானே அங்கே ஏதோ வந்து உட்கார்கிறது, மிச்சமே இல்லாமல் செய்துவிட்டால்? வைக்கோல் துண்டைத் தூக்கிச் சமையல்கட்டு அடுப்பில் போட்டாள். அது எரியும்போது புகை வரவில்லை. திரும்பி வந்து மூலைத் தடுப்பை உருவி வெளியே இறவாரத்தில் சாய்த்தாள். அதோடு விடாமல், பிள்ளைகள் தாராளமாகப் படுக்கட்டும் என்று மற்ற மூன்று தடுப்புகளையும் உருவிவிட்டாள். பரண் ஒரே நீட்டாக, சுத்தமாக இருந்தது. அன்று ராத்திரி வாலுவைத் தன் பட்டறைக் கொட்டகைக்கே கூட்டிப்போய்ப் பக்கத்தில் படுக்கவைத்து, விடிகிற வரை கையைப் பிடித்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் மற்ற மூன்று சிறுமிகளும் சிரித்துக்கொண்டே பல் தேய்த்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

கடைத்தெருவில் பிறந்தவள் நினைத்திருக்கக் கூடாதது அது. பக்கத்துக் கடைக்காரன் தன் கூடையை நம் வாசலில் ஒரு சாண் தள்ளி வைக்கிறான் என்றால், நடுவில் இருக்கிற கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும். கயிற்றையே அவிழ்த்துவிட்டால் அவனுக்கு என்ன அர்த்தமாகும்? எல்லாம் உனக்கு என்று அர்த்தமாகும்.

அன்று மதியம் மழை இறங்கியது. சாப்பாட்டுக் கூடத்துக் கூரையில் ஒரு தகரம் கிளம்பிவிட, அவள் மேலே ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் படுக்கை நேரம். முகாம் டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் அவரவர் குடிலுக்கு விரட்டிவிட்டாள், வாலுவையும் சேர்த்துத்தான். மழை கொஞ்சம் ஓய்ந்தபோது மூன்று குடில்களிலிருந்தும் வழக்கமான சத்தம் வந்தது: கிசுகிசு, சிரிப்பு, யாரோ யாரையோ உதைக்கிற தொம்மென்ற ஓசை. தூங்கச் சொன்ன பிள்ளைகள் தூங்குவதாவது.

மரங்கொத்திக் குடிலிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ஏணியில் கால் வைத்தாளா குதித்தாளா என்று அவளுக்குப் பிறகு நினைவில்லை. சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு நடந்தாள். குடிலின் படிகள் மூன்று. மூன்றாவது படியிலேயே அந்த வாசனை வந்துவிட்டது, கல்லுக்கு அடியில் இருக்கிற வாசனை, இப்போது மறைந்துகொள்ளாமல், வா என்று சொல்கிற மாதிரி. கதவைத் தள்ளினாள். மழை இருட்டு. ஒரே ஜன்னலிலிருந்து சாம்பல் நிற வெளிச்சம் பரண் மேல் சாய்வாக விழுந்திருந்தது.

பரணின் இந்தக் கோடியில், ஒருத்தி படுக்கிற இடத்தில், நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் முகவாயில். தோளோடு தோள் நெருக்கி, கடைசி பஸ்ஸில் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் மாதிரி. தூங்குகிறார்கள். பாதிக் கண் திறந்திருந்தது. கவுன்கள் அவர்களைச் சுற்றிச் சாக்கு மாதிரி குவிந்து கிடந்தன. கைகள் எங்கே என்று தெரியவில்லை. கவுன் கைகள் வெறுமையாகத் தொங்கின.

மீதிப் பரண் காலி.

காலி இல்லை. மெத்தைகள் அமுங்கியிருந்தன. மூலையிலிருந்து பிள்ளைகளின் கால் விரல் வரைக்கும் ஒரே பள்ளம். ஒரே ஆள் நீளம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வைக்கோல் மெல்ல நெரிந்தது. உயர்ந்தது. மறுபடி அமுங்கியது.

மூச்சு விடுகிறது.

இனி கைதான் வேலை செய்ய வேண்டும்.

இறவாரத்துக்குப் போய்ப் பலகையைத் தூக்கி வந்தாள். மூலையிலிருந்து இரண்டு சாண். அதே காடி. மேலிருந்து செருகினாள். பாதி இறங்கி நின்றது. கீழே ஏதோ. முதலில் மெத்தென்று. அழுத்தினாள். அப்புறம் கெட்டியாக, எலும்பு மாதிரி.

“எடு காலை,” என்றாள்.

அசையவில்லை.

“இந்தா பாரு. இடம் குடுத்தது நான். ரெண்டு சாண் குடுத்தேன். ரெண்டு சாணுக்கு மேல ஒரு விரல்கடை கிடையாது. பிள்ளைங்க விவரம் தெரியாம குடுத்தது செல்லாது. கேக்கணும்னா என்கிட்ட கேக்கணும்.”

இடுப்பில் செருகியிருந்த சுத்தியலை உருவிப் பலகையின் தலையில் அடித்தாள். ஒன்று. இரண்டு. அடி கைக்குத் திரும்பி வந்தது. மூன்று. தோள் கழன்றுவிடும் போல் இருந்தது. நாலாவது அடியில் கீழே இருந்தது விலகியது. வெடுக்கென்று இல்லை. யோசித்து, ஒப்புக்கொண்டு விலகுகிற மாதிரி. பலகை காடியில் அடித்தளம் வரை இறங்கி உட்கார்ந்தது.

பிறகு அந்தச் சத்தம். மடிகிற சத்தம். நனைந்த கோரைப் பாயைச் சுருட்டினால் வருகிற மாதிரி. பரணின் இந்தப் பக்கப் பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. மூட்டு மூட்டாக ஏதோ தன்னை மடித்து, இழுத்து, அந்த மூலைக்குள் திணித்துக்கொண்டது. பலகை வெளிப்பக்கம் பிதுங்கியது. மடியிலிருந்து நாலங்குல ஆணிகளை எடுத்தாள். இந்தப் பக்கம் மூன்று. அந்தப் பக்கம் மூன்று. அடித்து முடித்தாள்.

பலகை நின்றது.

நாலு பேரும் விழித்துக்கொண்டார்கள். “சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடுங்க. தண்ணி நின்னா பெஞ்சு மேல ஏறி நில்லுங்க. யாரும் திரும்பி வரக் கூடாது.” மூன்று பேர் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்கள். ஒவ்வொரு படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்க வேண்டியிருந்தது அவர்களுக்கு.

வாலு வாசலில் நின்றாள். கதவுக் கொண்டி அவள் தலைக்கு மேலே வெகு தூரத்தில் இருந்தது.

“போடி.”

“சித்தி, என்னோட உயரத்தை வாங்கிக் குடு.”

அவள் அழவில்லை. பென்சிலைப் பிடுங்கிக்கொண்ட பிள்ளையிடம் போய்க் கேட்கச் சொல்கிற குரல். சித்தி கேட்டால் கிடைத்துவிடும் என்கிற நம்பிக்கை. அதைத் தாங்குவதுதான் சுத்தியலக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது.

மூலைப் பக்கம் திரும்பினாள்.

“கேட்டுச்சா? பிள்ளையோடத குடு. நாலு பேரோடதும். குடுத்துட்டு அந்த ரெண்டு சாண்ல நீ கிட. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். குடுக்கலைன்னா இந்தப் பரணை அறுத்து விறகாக்கிட்டுத்தான் போவேன். எங்க அப்பன் கடையில உன்னை மாதிரி ஆயிரம் பேரைப் பாத்தாச்சு.”

பதில் வந்தது. வார்த்தையாக இல்லை.

பலகையின் பிதுக்கம் குறைந்தது. ஆணிகள் முனகுவதை நிறுத்தின. ஒரு விநாடி, பணிந்துவிட்டது என்றே நினைத்தாள். அப்புறம்தான் பலகைக்கு மேலே இருட்டு நகர்ந்தது.

நீளத்தைப் பற்றித்தான் அவள் பேசியிருந்தாள். உயரத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

அது எழுந்து நின்றது.

இரண்டு சாண் இடத்துக்குள், ஒரு விரல்கடை கூட வெளியே வராமல், மரியாதையாக. முதலில் தோள். ஜன்னலுக்கு மேலே போயிற்று. பிறகும் தோள். உத்தரத்தை எட்டியது. தலை கூரையில் முட்டி, முட்டிய இடத்தில் வளைந்து, கழுத்து உத்தரத்தோடு ஒட்டி ஊர்ந்து, அவள் தலைக்கு மேல் வந்தது. நாலு பிள்ளைகளின் உயரமும் அதற்குள் இருந்தது. தனித்தனியாகத் தெரிந்தது. நாலு விரல்கடைக்கு ஒரு மடிப்பு.

சுத்தியலக்கா ஓடவில்லை. ஓடினால் கதவு வரைக்கும் அதற்குச் சொந்தமாகிவிடும்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். சுவர்த் தூணில், தன் நெஞ்சு உயரத்தில், அழுத்தி ஒரு கோடு கிழித்தாள்.

“நிக்கிறதுக்கும் அளவு இருக்கு,” என்றாள். “இது வரைக்கும்தான்.”

மேலேயிருந்து முகம் இறங்கி வந்தது. மெதுவாக. அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அதில் வாலுவின் சாயல் கொஞ்சம் இருந்தது. கோட்டைப் பார்த்தது. அவள் தோளைத் தாண்டி வாசலில் நின்ற வாலுவைப் பார்த்தது. மறுபடியும் கோட்டைப் பார்த்தது. வாங்காமல் போக மாட்டேன், ஆனால் இந்த விலைக்கு இல்லை என்கிறவன் ஆட்டுகிற மாதிரி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, நிதானமாகத் தலையை ஆட்டியது.

“சித்தி,” என்றது பின்னாலிருந்து வாலுவின் குரல். முன்பைவிடக் கீழேயிருந்து வந்தது.

அவள் திரும்பவில்லை. சுத்தியலை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். கோட்டின் மேல் இடது உள்ளங்கையை வைத்து ஊன்றி, அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதன் வாய் திறந்தது. உள்ளே பற்களுக்குப் பதில் பொடிப் பொடியாகப் பிள்ளைகளின் விரல் நகங்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றும் இன்னும் வளர்ந்துகொண்டு.